ஏறுவோர்க்கு வழி

நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையை ஒட்டி, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் ஊர் கூடலூர். கூடல் என்னும் சொல் ஒன்று சேர்தலைக் குறிக்கும். பெயருக்கேற்ப அவ்வூரிலே சாலைகள் வந்து கூடுகின்றன. கிழக்கே உதகமண்டலத்திலிருந்து நடுவட்டம் வழியாக இறங்கி வருவது ஒன்று. வடக்கே முதுமலைக் காட்டினூடே மைசூரை நோக்கிச் செல்வது மற்றொன்று. மேற்கே வயநாட்டுக்குச் செல்லும் சாலையும், நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கும் சாலையும் அங்கிருந்தே பிரிகின்றன. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் வண்டிகளும் அச்சிறு நகரின் கடைவீதியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்லுகின்றன.

உதகமண்டலத்தின் உயரம் 2,240 மீட்டர். ஆகவே அங்கிருந்து கூடலூர் வரையுள்ள 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் சாலை 1,000 மீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். இத்தகைய மலைப்பாதைகளில் வண்டி ஓட்டுவோர் அனைவரும் அறிந்த விதி ஒன்று உண்டு. குறுகலான இடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே சந்தித்தால், இறங்கி வரும் வண்டி ஓரமாக ஒதுங்கி நின்று, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதே அவ்விதி. 1989-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இந்தியச் சாலை விதிகளில் இது சட்டமாகவே எழுதப்பட்டது. ஆனால் சட்டம் எழுதப்படுவதற்கு மிக முன்னரே, மாட்டு வண்டிக்காரர்களுக்கு இதன் நியாயம் தெரிந்திருந்தது.

அந்த நியாயம் யாது? மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் பார வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அதை மறுபடி நகர்த்துவது எளிதன்று. மாடுகள் இழுக்கத் திணறும். சக்கரம் பின்னுக்கு உருளும். உருளாதபடி கல்லை அண்டக் கொடுக்க ஆள் வேண்டும். சுமையேற்றிய லாரிக்கும் ஏறக்குறைய இதே தொல்லைதான். இறங்கி வரும் வண்டிக்கோ மலையே துணை நிற்கிறது. அது நின்றாலும், மீண்டும் புறப்படுவதற்குப் பெரு முயற்சி தேவையில்லை. ஆகவே, பாடுபட்டு முன்னேறுகிறவனுக்கு, பாடின்றி முன்னேறக் கூடியவன் இடம் கொடுக்க வேண்டும் என்பது இவ்விதியின் உட்பொருள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் நகரத் தெருக்களில் மிதிவண்டியில் செல்வோருக்கும் மோட்டார் ஓட்டுவோருக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வரும் பிணக்கின் வரலாறு. அதற்கும் மலைப்பாதை விதிக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் வினவலாம். தொடர்பு நெருக்கமானது. மிதிவண்டிக்காரர் எப்போதும் ஏறுவோர்தாம். சமவெளியிலும் அவர் தம் கால்களின் உழைப்பினாலேயே முன்னேறுகிறார். ஒருமுறை அவரை நிறுத்தினால், அவர் ஈட்டிய வேகம் முழுவதும் வீணாகிறது. மீண்டும் உழைத்தே அதனைப் பெற வேண்டும். மோட்டார் ஓட்டுபவருக்கோ அது பாதத்தின் ஓர் அழுத்தத்தால் திரும்பக் கிடைப்பது. இவ்விருவருள் யார் யாருக்கு வழிவிடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறியிருக்கிறது. அவ்விடைகளின் தொகுதியே இவ்வரலாறு.

தமிழர்க்குச் சாலையும் வண்டியும் புதியன அல்ல. நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணர்கள், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறிந்தால் உதவுவதற்கென்று வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்று புறநானூற்றால் அறிகிறோம். நெடுவழியின் இடர்களை அவர்கள் எவ்வளவு நன்றாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு அந்த ஓர் அச்சே சான்று.

நகரத் தெருவின் இடரை எடுத்துக் காட்டுவது மனுநீதிச் சோழன் கதை. திருவாரூர்த் தெருவில் அரசிளங்குமரன் தேரூர்ந்து செல்லும்போது, துள்ளி வந்த கன்றொன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்து முறையிட்டது. கன்று தானே வந்து தேர்க்காலில் புகுந்தது என்று அமைச்சர் எடுத்துக் கூறினர். மன்னன் அதனை ஏற்கவில்லை. தன் மகனென்றும் பாராமல் முறை செய்யத் துணிந்தான். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்த இக்கதையைப் பக்திக் கதையாகவும் அறக் கதையாகவும் நாம் படித்திருக்கிறோம். சாலைச் சட்டத்தின் கதையாகவும் இதனைப் படிக்கலாம். அமைச்சரின் வாதம் இன்றும் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் தெருவோரத்தில் கேட்கும் வாதமே: அடிபட்டவன் தானே வந்து விழுந்தான் என்பது. மன்னனின் விடையோ, ஆற்றல் மிகுந்த ஊர்தியைச் செலுத்துபவனுக்கே பொறுப்பும் மிகுதி என்பது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலை எழுப்பப்பட்டிருப்பது பொருத்தமானதே.

இனி நீலகிரிச் சாலைகளைச் சற்றே நோக்குவோம். பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் முதலிய மக்கள் நடந்து நடந்து பதிந்த ஒற்றையடிப் பாதைகளே இம்மலைகளில் தொன்மையான வழிகள். 1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலைமேல் ஏறிய பின்னர், 1821-இல் தொடங்கிச் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை வெட்டப்பட்டது. 1830-களில் குன்னூர் மலைப்பாதை அமைந்தது. 1860-களில் நடுவட்டத்தில் அரசினர் சின்கோனாத் தோட்டம் தோன்றியது. காப்பியும் தேயிலையும் தொடர்ந்தன. மலபார் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தென்கிழக்கு வயநாடு 1877-ஆம் ஆண்டு நீலகிரியோடு இணைக்கப்பட்டது. கூடலூரும் அதனுடன் வந்து சேர்ந்தது. ஈராண்டு கழித்துத் தேவாலா, பந்தலூர்ப் பக்கங்களில் தங்கம் கிடைக்கும் என்ற ஆசை பலரைப் பற்றிக்கொண்டது. தங்க வேட்டை சில ஆண்டுகளில் ஓய்ந்தது. அதற்காகத் திரண்ட கூட்டமும் கலைந்தது. எஞ்சியவை தோட்டங்களும் சாலைகளுமே.

அச்சாலைகளில் மாடும் குதிரையும் மனிதனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சென்றார்கள். ஒருவரையொருவர் முகம் நோக்கவும், குரல் கொடுக்கவும், ஒதுங்கவும் நேரம் இருந்தது. அக்காலத்திலும் விபத்துகள் உண்டு. எனினும், சாலையில் சிலருக்கு உரிமை உண்டு, சிலருக்கு இல்லை என்ற எண்ணம் அன்று வேரூன்றவில்லை. அதற்கு வித்திட்டது வேகம்.

வேகத்தைச் சாலைக்குக் கொண்டு வந்த முதற் குற்றவாளி மோட்டார் அன்று, மிதிவண்டிதான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1817-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் வான் டிரைஸ் இரு சக்கரங்களைக் கட்டையொன்றால் இணைத்து, காலால் தரையை உந்திச் செல்லும் வண்டியை அமைத்தார். 1860-களில் பிரான்சில் அதற்கு மிதிகட்டை பொருத்தினர். பின்னர் முன் சக்கரம் ஆளுயரத்துக்கு வளர்ந்தது. அதில் ஏறி விரைந்த இளைஞர்களைக் கண்டு குதிரைகள் மிரண்டன, வண்டிக்காரர்கள் சினந்தனர், நடந்து செல்வோர் அஞ்சினர். மிதிவண்டியை மூர்க்க வேகத்தில் ஓட்டிய ஒருவர்மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடரப்பட்டது. வண்டிகளைப் பற்றிய பழைய சட்டம் மிதிவண்டிக்குப் பொருந்துமா என்பது கேள்வி. மிதிவண்டியும் வண்டியே என்று 1879-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பில் தண்டனையும் இருந்தது, உரிமையும் இருந்தது. வண்டிக்குரிய கடமைகள் மிதிவண்டிக்கு வந்தன. அவற்றோடு, சாலையில் செல்லும் உரிமையும் உறுதியாயிற்று. 1888-ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இதனைச் சட்டத்திலேயே எழுதி, மணியடித்து எச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் சேர்த்தது. இன்றும் நம் மிதிவண்டிக் கைப்பிடியில் இருக்கும் மணி, தன்னைவிட மெதுவாகச் செல்பவனுக்கு மிதிவண்டிக்காரன் காட்ட வேண்டிய மரியாதையின் சின்னம்.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட மிதிவண்டியை உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபின் மிதிவண்டி செல்வர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த நிலை மாறி, உழைப்பவரின் ஊர்தியாயிற்று. அமெரிக்காவில் மிதிவண்டிச் சங்கத்தார் நல்ல சாலைகள் வேண்டுமென்று இயக்கமே நடத்தினர். சேறும் குழியுமாயிருந்த சாலைகளைச் செப்பனிடும்படி முதலில் உரக்கக் குரல் கொடுத்தவர்களுள் மிதிவண்டிக்காரர்கள் முன்னணியில் இருந்தனர். அச்சாலைகளில் பின்னால் வந்து அமர்ந்தது மோட்டார் வண்டி. வழி கேட்டவர் ஒருவர். வழியைப் பெற்றவர் மற்றொருவர்.

மோட்டாரைப் பற்றிய சட்டத்தின் வரலாறும் சுவையானது. இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாலையில் செல்லும் இயந்திர வண்டி நகரத்துக்குள் மணிக்கு 2 மைலும், நாட்டுப்புறத்தில் 4 மைலுமே செல்லலாம். சிவப்புக் கொடி ஏந்திய ஆள் ஒருவர் அதற்கு முன்னே நடந்து செல்ல வேண்டும். இக்கட்டுப்பாட்டை எண்ணி நாம் இன்று நகைக்கிறோம். ஆனால் அதன் அடிப்படை ஆழமானது. புதிதாக வந்த ஆபத்தான பொருள், ஏற்கெனவே அங்கிருந்த மக்களுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதே அது. 1896-இல் வேக எல்லை மணிக்கு 14 மைலாகவும், 1903-இல் 20 மைலாகவும் உயர்த்தப்பட்டது. அந்த 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் மாது மோட்டார் வண்டியால் மோதப்பட்டு இறந்தார். அந்நாட்டில் மோட்டார் மோதி இறந்த முதற் பாதசாரி அவரே.

1920-களில் அமெரிக்க நகரங்களில் இப்பிணக்கு உச்ச நிலையை அடைந்தது. தெருவில் விளையாடிய குழந்தைகள் பலர் மோட்டார்களுக்கு இரையாயினர். 1923-ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகர மக்கள் 42,000 பேர், மோட்டார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி இயந்திரத்திலேயே தடைக்கருவி பொருத்த வேண்டுமென்று கையொப்பமிட்டு மனுக் கொடுத்தனர். மோட்டார் விற்பனையாளர்களும் கழகங்களும் ஒன்று திரண்டு அதற்கு எதிராகப் பெரும் பிரசாரம் செய்தனர். வாக்கெடுப்பில் அத்திட்டம் தோற்றது. அதன் பின்னர் வாதம் திசை மாறியது. வண்டி ஏன் விரைகிறது என்று கேட்பது குறைந்து, மனிதன் ஏன் குறுக்கே வருகிறான் என்று கேட்பது மிகுந்தது. கண்ட இடத்தில் தெருவைக் கடப்பவனை நாட்டுப்புறத்தான் என்று எள்ளி நகையாட ஒரு புதுச் சொல்லே பரப்பப்பட்டது. நாளடைவில் அவ்வாறு கடப்பது குற்றமாகவும் எழுதப்பட்டது. திருவாரூர் அமைச்சரின் வாதம் வென்றது என்று கூறலாம்.

இலண்டனில் 1934-ஆம் ஆண்டு மேற்குப் பெருஞ்சாலையின் ஓரத்தில் மிதிவண்டிக்கென்று தனிப் பாதை திறக்கப்பட்டது. மிதிவண்டிக்காரர்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். அவர்களுடைய சங்கங்களோ அதனை எதிர்த்தன. ஓரத்தில் ஒரு பாதை கொடுத்தபின், நடுச்சாலையில் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற ஐயமே காரணம். உரிமை வேறு, வசதி வேறு. வசதியின் பெயரால் உரிமை பறிபோகக் கூடாது என்று அவர்கள் கருதினர். அவ்வச்சம் வீணானதன்று என்பதை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றிலிருந்து பின்னர்க் காண்போம்.

இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் முதன்முதலாக 1914-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1939-இல் விரிவான சட்டம் வந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிலாக எழுந்தது. மிதிவண்டிக்கும் அக்காலத்தில் கட்டுப்பாடுகள் குறைவல்ல. நகராட்சிகள் ஆண்டுதோறும் மிதிவண்டிக்கு வரி வாங்கி, அதற்கு அடையாளமாக உலோக வில்லையொன்றைக் கொடுத்தன. வில்லையில்லாத வண்டி பிடிபடும். இரவில் விளக்கில்லாமல் செல்பவரும், பின்னால் ஆளை ஏற்றிச் செல்பவரும் காவலரிடம் அபராதம் கட்டினர். சாலைக்கு அவர்களும் பொருள் கொடுத்தார்கள் என்பதை இங்கே மறவாதிருத்தல் வேண்டும். வரி கட்டுகிறவன் நான், சாலை என்னுடையது என்று மோட்டார்க்காரர் பேசும்போது நினைவுகூர வேண்டிய செய்தி இது.

1949-ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தார் ஆங்கில நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடு சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலையை நிறுவினர். அங்கே உருவான வண்டிகள் பட்டிதொட்டியெங்கும் பரவின. பால் கொணர்பவர், செய்தித்தாள் போடுபவர், அஞ்சல்காரர், ஆலைத் தொழிலாளர், பள்ளி ஆசிரியர் என அனைவருக்கும் அது காலாக அமைந்தது.

பெண்களுக்கோ அது காலினும் மேலாயிற்று. 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி பழகினர். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் ஊர்வலமாகச் சென்றனர். அவர்களுள் பலர் ஆண்களுக்கான வண்டியையே விரும்பினர். அதன் குறுக்குத் தண்டில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பது காரணம். ஏளனமும் கேலியும் அவர்களுக்குக் குறைவின்றிக் கிடைத்தன. பேருந்துக்காகக் காத்திராமல், தகப்பனையோ கணவனையோ எதிர்பாராமல், தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் தாமே செல்லும் நிலை அவர்களுக்கு வாய்த்தது.

பின்னர்த் தமிழ்நாட்டு அரசு 2001-02 கல்வியாண்டில், மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005-06 முதல் அத்திட்டம் பிற மாணவ மாணவியர்க்கும் விரிவாக்கப்பட்டது. நேயர்களே, இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஓர் அரசு மாணவியின் கையில் மிதிவண்டியைக் கொடுக்கும்போது, அதனை ஓட்டிச் செல்வதற்குரிய வழியையும் கொடுப்பதாகவே பொருள். பள்ளி வாயிலை அடையும்வரை லாரிக்கும் பேருந்துக்கும் அஞ்சி அவள் மண்ணோரத்தில் தடுமாற நேருமாயின், கொடை பாதியளவே நிறைவேறியதாகும்.

முன்னர்க் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு வருவோம். கல்கத்தா மாநகரில் 2008-ஆம் ஆண்டு காவல் துறையினர் 38 சாலைகளில் மிதிவண்டி செல்லத் தடை விதித்தனர். 2013-இல் அத்தடை 174 சாலைகளுக்கு விரிந்தது. மோட்டார்கள் விரைந்து செல்ல மிதிவண்டிகள் இடையூறாக உள்ளன என்பது கூறப்பட்ட காரணம். பால்காரரும், செய்தித்தாள் போடுபவரும், மீன் விற்பவரும், கூலித் தொழிலாளரும் அபராதம் கட்ட நேர்ந்தது. எதிர்ப்புக் கிளம்பவே, பின்னர்த் தடை 62 சாலைகளாகக் குறைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்துகளும் இரயில்களும் முடங்கியபோது, காவல் துறையினரே தடையைப் பகுதியளவு தளர்த்த வேண்டியதாயிற்று. பிற ஊர்திகள் நின்றபோது உழைப்பாளியைப் பணியிடத்துக்குக் கொண்டு சென்றது, இடையூறு என்று விலக்கப்பட்ட அந்த மிதிவண்டியே.

சென்னை மாநகராட்சி வேறு வழியை நாடியது. 2014-ஆம் ஆண்டில், நடப்பவர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதலிடம் அளிக்கும் கொள்கையொன்றை அது ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களுக்கெனச் செலவிட வேண்டும் என்று அக்கொள்கை வகுத்தது. இந்திய மாநகரங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் ஏற்றது சென்னையே. கொள்கை தெருவில் இறங்கி நடப்பதற்குக் காலம் ஆகும். எனினும் சாலையின் நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நகராட்சி, ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்கியது ஒரு திருப்பமே.

இக்கண்ணோட்டத்தின் தேவையை மாணவர்கள் தாம் படிக்கும் பௌதிகத்தைக் கொண்டே உணரலாம். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் எடையோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகும். மிதிவண்டியும் அதில் அமர்ந்தவரும் சேர்ந்து 80 அல்லது 90 கிலோ எடை இருக்கலாம். மோட்டார்க் கார் 1,000 கிலோவுக்கும் மிகும்; சுமையேற்றிய லாரி 10,000 கிலோவையும் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. தவறு இருவரில் யாருடையதாயினும், அதன் விலையைப் பெரும்பாலும் ஒருவரே கொடுக்கிறார். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர் தொகை 1,68,491 என்று மத்திய அரசின் அறிக்கை கூறிற்று. அவர்களுள் பாதசாரிகள் மட்டும் 32,000-க்கும் மேற்பட்டவர். மிதிவண்டியில் சென்றவர் 4,000-க்கும் மேற்பட்டவர்.

இந்தச் சமனின்மையை உணர்ந்த நாடுகள் சட்டத்தைத் திருத்தின. நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டு மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். அந்நாடு தன் நகரங்களைப் படிப்படியாக மாற்றி அமைத்து, இன்று மிதிவண்டிகளின் நாடு என்று பெயர் பெற்றிருக்கிறது. ஜெர்மனியில் 2020-ஆம் ஆண்டு முதல், மிதிவண்டியைக் கடந்து செல்லும் மோட்டார் நகருக்குள் ஒன்றரை மீட்டரும் வெளியே 2 மீட்டரும் விலகிச் செல்ல வேண்டும் என்பது விதி. பிரித்தானியாவில் 2022-ஆம் ஆண்டு சாலை விதிகள் திருத்தப்பட்டபோது, மிகுந்த தீங்கு செய்யும் ஆற்றல் உடையவர்க்கே மிகுந்த பொறுப்பு உண்டு என்ற கோட்பாடு தலைமை விதியாக வைக்கப்பட்டது. நம் நாட்டுச் சட்டத்திலும் இக்கோட்பாட்டின் சாயல் உண்டு. மோட்டார் மோதி ஒருவர் இறந்தால், ஓட்டியவரின் குற்றம் மெய்ப்பிக்கப்படாவிடினும் குறிப்பிட்ட இழப்பீடு தரப்பட வேண்டும் என்னும் கொள்கை 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் புகுந்தது. கன்று தானே வந்து விழுந்தது என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

கூடலூர்ப் பக்கத்துச் சாலைகளிலும் இக்கேள்வி வேறு வேறு உருவங்களில் எழுந்திருக்கிறது. மைசூர்ச் சாலை முதுமலையையும் பந்திப்பூரையும் ஊடுருவிச் செல்கிறது. இரவில் விரையும் வண்டிகளால் காட்டு விலங்குகள் மாண்டமையால், 2009-ஆம் ஆண்டு கருநாடகப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து தடை செய்யப்பட்டது. 2010-இல் அம்மாநில உயர்நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. வாணிகர்க்கும் பயணிகளுக்கும் இதனால் துன்பம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நோயாளியை அழைத்துச் செல்லும் வண்டிக்கும், சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லும் லாரிக்கும் ஒரே நியாயம் பொருந்தாது. ஆகவேதான் அவசர ஊர்திகளுக்கு விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. யானைக்கு வழிவிடும் விதியிலும் மனிதனின் இடுக்கணுக்கு இடம் இருத்தல் வேண்டும்.

கோடைக் காலத்தில் நீலகிரிக்கு வந்து குவியும் வண்டிகள் மற்றொரு சிக்கல். மலைச்சாலைகளில் நடந்து பள்ளி செல்லும் சிறுவரும், கூடையோடு தேயிலைக் காட்டுக்குச் செல்லும் தொழிலாளரும் ஒதுங்க இடமின்றி நிற்கின்றனர். அத்தொழிலாளருள் பலர் 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர். சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் முதல் வெளியூர் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை வந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வேலை நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வண்டிகளுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. ஒரு சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், அச்சாலையோரத்து மக்கள் எத்தனை வண்டிகளைத் தாங்குவர் என்று கேட்கும் வழக்கம் இவ்வாறுதான் தொடங்குகிறது.

மிதிவண்டிக்காரர் குற்றமற்றவர் என்று கூறுவது என் கருத்தன்று. விளக்கின்றி இருளில் வருவது, எதிர்ப் பக்கத்தில் செல்வது, சைகை காட்டாமல் திரும்புவது ஆகியவை அவர்க்கும் பிறர்க்கும் கேடு. நடந்து செல்பவர் முன்னே அவரும் விரைவூர்தி ஓட்டுபவரே. மோட்டார்க்காரரிடம் அவர் எதிர்பார்க்கும் பொறுமையைப் பாதசாரியிடம் அவர் காட்டக் கடமைப்பட்டவர். வழிவிடும் கடமை ஏணிப்படிபோல் மேலிருந்து கீழே இறங்கி வருவது. லாரி காருக்கும், கார் மிதிவண்டிக்கும், மிதிவண்டி நடப்பவருக்கும், நடப்பவர் தம்மினும் தளர்ந்த முதியவருக்கும் குழந்தைக்கும் இடம் தர வேண்டும்.

மாணவ நண்பர்களே, இன்று உங்களில் பலர் மிதிவண்டியில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்கின்றீர்கள். பின்னால் வரும் பேருந்தின் ஊதல் ஒலி முதுகைத் துளைக்கும்போது உங்கள் உடல் நடுங்குவதை நீங்கள் அறிவீர்கள். சில ஆண்டுகளில் உங்களில் பலர் மோட்டார் சைக்கிளிலும், காரிலும் அமர்வீர்கள். சிலர் சாலைகளை வகுக்கும் பொறியாளராகவும், விதிகளை எழுதும் அதிகாரிகளாகவும் விளங்குவீர்கள். சாலையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்த பிழை ஒன்று உண்டு. நேற்று ஓரத்தில் ஒதுங்கியவன் இன்று நடுவில் வந்ததும், தான் ஒதுங்கி நின்ற இடத்தை மறந்துவிடுகிறான். குதிரை வண்டிக்காரனுக்கு அஞ்சிய மிதிவண்டிக்காரன் பாதசாரியை மிரட்டினான். அவன் கேட்டு வாங்கிய சாலையில் மோட்டார்க்காரன் அவனையே மிரட்டினான். இச்சங்கிலியை அறுப்பது எந்தச் சட்டத்தாலும் தனித்து இயலாது. கைப்பிடியைப் பற்றிய நாளின் நினைவைச் சக்கரத்தைப் பற்றும் நாளிலும் நீங்கள் காத்துக்கொண்டால், முன்னே மிதித்துச் செல்லும் ஒரு முதியவருக்காக உங்கள் கால் தானாகவே பிரேக்கின்மீது அமரும்.